அசல் உத்தர் சொல்லும் பாடம்



'அசல்' என்ற சொல்லை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? கடன் பத்திரத்தில் வட்டி வேறு, அசல் வேறு. சரக்கில் போலி வேறு, அசல் வேறு. பஞ்சாப் மாநிலத்தில், பாகிஸ்தான் எல்லைக்கு அருகில், கேம்கரணிலிருந்து பிக்கிவிண்டு போகும் சாலையில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயரே அசல் உத்தர். 'உத்தர்' என்றால் பதில். 'சரியான பதில்' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 8 முதல் 10 வரை மூன்று நாட்கள் அந்த ஊரைச் சுற்றிய கரும்பு வயல்களில் நடந்த டாங்கிப் போரில், எண்ணிக்கையில் குறைந்த நம் படை, பெரிய படை ஒன்றைத் தடுத்து நிறுத்தியது.

வணிகர் இதழில் போர்க் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இன்று எந்தக் கடைவீதியில் நின்றாலும் ஒரே பேச்சுத்தான் காதில் விழுகிறது. "பெரிய பெரிய கம்பெனிகள் ஊருக்குள் வந்துவிட்டன. வீட்டு வாசலுக்கே சாமான் வருகிறது. நம்மால் நிற்க முடியுமா?" முடியும் என்று மேடையில் பேசுவது எளிது. முடிந்த இடம் ஒன்றை எடுத்து, எப்படி முடிந்தது என்று கணக்குப் பார்ப்பதே பயன் தரும். அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறோம்.

போர் வந்த வழி

1965 ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஊடுருவல்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் தாக்கின. காஷ்மீருக்குப் போகும் சாலை துண்டிக்கப்படும் நிலை வந்தது. அந்த அழுத்தத்தைக் குறைக்க, செப்டம்பர் 6-ஆம் தேதி இந்திய ராணுவம் பஞ்சாபில் சர்வதேச எல்லையைக் கடந்து லாகூர்ப் பக்கம் முன்னேறியது. அதில் கேம்கரண் பகுதியில் இறங்கியது 4-வது மலைப் படை டிவிஷன்.

அந்த முதல் முன்னேற்றம் நினைத்தபடி அமையவில்லை. எதிர்த்தாக்குதல் கடுமையாக இருந்தது. ஆள் சேதம் ஏற்பட்டது. பின்னால் பாகிஸ்தானின் 1-வது கவச டிவிஷன் காத்திருந்தது. பாகிஸ்தான் ராணுவத்தின் டாங்கி பலத்தில் அது முக்கியமான ஒரு பங்கு. கேம்கரணை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து உள்ளே பாய்ந்து, பியாஸ் ஆற்றுப் பாலத்தை அடைந்து, கிராண்ட் டிரங்க் சாலையை வெட்டிவிட்டால் அமிர்தசரஸும் எல்லையில் நிற்கும் இந்தியப் படைகளும் தனித்து விடப்படும். அதுதான் திட்டம். ஆகவே அந்த மூன்று நாளில் பணயமாக இருந்தது ஒரு சிற்றூர் மட்டும் அன்று.

இரு தரப்பு இருப்புக் கணக்கு

நாம் வணிகர்கள். முதலில் இருப்பைப் பார்ப்போம்.

எதிர்த்தரப்பில் ஒரு முழுக் கவச டிவிஷன், அதனுடன் ஒரு காலாட்படை டிவிஷன். டாங்கிகளில் முக்கியமானவை அமெரிக்காவின் பாட்டன் டாங்கிகள். 1954-இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ராணுவ உதவி ஒப்பந்தத்தின் வழியாக வந்த சரக்கு. அன்றைக்கு ஆசியாவில் பேர் பெற்ற சரக்கு. அதைப் பார்த்தாலே எதிரி ஓடிவிடுவான் என்று பேச்சு.

நம் தரப்பில், ஒன்பது பட்டாலியன் இருக்க வேண்டிய டிவிஷனில் ஆறுதான் இருந்தன. அவையும் முதல் இரண்டு நாளில் நன்றாக அடிபட்டிருந்தன. பெயரிலேயே இருக்கிறபடி அது மலைப் போருக்கு என்று அமைக்கப்பட்ட டிவிஷன். அவர்களை நிறுத்தியிருந்ததோ பஞ்சாபின் சமவெளியில். துணைக்கு 2-வது தனிக் கவச பிரிகேட். எல்லாம் சேர்த்து மூன்று டாங்கி ரெஜிமெண்டுகள். ஒன்றில் பிரிட்டிஷ் செஞ்சூரியன், ஒன்றில் இரண்டாம் உலகப் போர் காலத்து ஷெர்மன், ஒன்றில் எடை குறைந்த பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ். நம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததே இந்தப் போர் முடிந்த பிறகு, 1965 டிசம்பரில்தான். ஆக, கைவசம் இருந்தது பழைய சரக்கு. ஷெர்மனையும் பாட்டனையும் நேருக்கு நேர் நிறுத்தினால் எது வெல்லும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த 4-வது டிவிஷன் இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பெயர் எடுத்தது. ஆனால் 1962 சீனப் போரில் வடகிழக்கு எல்லையில் சிதறிப்போனதும் இதே டிவிஷன்தான். மூன்றே ஆண்டுக்கு முன் பட்ட அடி. கடை ஒருமுறை நொடித்துப்போய் மறுபடி திறந்தவருக்கு அந்த மனநிலை புரியும்.

நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்

டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங். கவச பிரிகேடுக்குத் தலைமை பிரிகேடியர் தியாகராஜ். இருந்த இடத்திலேயே மானத்துக்காக நின்று அழிவதை அவர்கள் விரும்பவில்லை. கேம்கரணை விட்டுச் சில கிலோமீட்டர் பின்வாங்கி அசல் உத்தரைச் சுற்றி நிலைகொண்டார்கள். ஓட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. சண்டை எங்கே நடக்க வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டார்கள்.

குதிரை லாடத்தின் வடிவில் படைகள் நிறுத்தப்பட்டன. லாடத்தின் வாய் எதிரி வரும் பக்கம் திறந்திருந்தது. செப்டம்பர் மாதம். ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு வளர்ந்து நின்றது. டாங்கிகளைக் கரும்புக்குள் மறைத்து வைத்தார்கள். காலாட்படையினர் இரவோடு இரவாகக் குழி வெட்டி உள்ளே இறங்கினார்கள். அருகிலிருந்த வாய்க்கால்களின் கரையை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய விட்டார்கள். பார்வைக்குப் பச்சை வயல். கால் வைத்தால் உளை.

வள்ளுவர் 'இடனறிதல்' என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். வேல் வீரர்களைத் தந்தத்தால் குத்திச் சாய்த்த யானையும், சேற்றில் கால் புதைந்துவிட்டால் நரிக்கு இரையாகும் என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். பல டன் எடையுள்ள இரும்பு யானைகளுக்கு 1965-இல் அசல் உத்தரில் நேர்ந்தது அதுதான்.

மூன்று நாள்

செப்டம்பர் 8-ஆம் தேதி பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. எதிரே யார் எங்கே இருக்கிறார்கள் என்று சரியாக அறியாமலே வந்தன. கரும்புக்குள்ளிருந்து குண்டுகள் பாய்ந்தன. சில எரிந்தன, மற்றவை திரும்பின. மறுபடி வந்தன. டாங்கிகள் அருகில் வந்தும் நம் காலாட்படையினர் குழியை விட்டு எழுந்து ஓடவில்லை. அதுதான் பயிற்சி. இரும்பு மலை ஒன்று உறுமிக்கொண்டு வரும்போது ஓடாமல் இருப்பதை அன்று காலையில் கற்றுக்கொள்ள முடியாது.

இந்தியத் தரப்பில் அவசரப்பட்டுச் சுடவில்லை. அருகில் வரும் வரை விட்டு, முன்பக்கக் கவசம் தடிமனாக இருக்கும் என்பதால் பக்கவாட்டில் அடித்தார்கள். செஞ்சூரியன் வைத்திருந்த 3-வது கேவல்ரி ரெஜிமெண்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் சலீம் காலெப். ஷெர்மன் வைத்திருந்த டெக்கான் ஹார்ஸ் ரெஜிமெண்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் அருண் ஸ்ரீதர் வைத்யா. 1983-இல் நாட்டின் ராணுவத் தலைமைத் தளபதி ஆனவர் இவர்தான். இவர்களுடைய ஆட்களுக்குத் தங்கள் பழைய துப்பாக்கியின் குணம் கைரேகைபோல் தெரியும். எதிர்த்தரப்பின் பாட்டன் டாங்கியில் தூரம் அளக்கவும் குறி பார்க்கவும் நுட்பமான கருவிகள் இருந்தன. அவற்றை முழுதும் பழகிக்கொள்ள அந்த வீரர்களுக்கு அவகாசம் போதவில்லை என்று ராணுவ விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதோடு, டாங்கிகள் முன்னே போக, காலாட்படை பின்தங்கியது. ஒன்றுக்கொன்று துணை இல்லாமல் போயிற்று.

10-ஆம் தேதி பெரிய முயற்சி நடந்தது. சுற்றி வளைக்கப் போன டாங்கிகள் நீர் பாய்ந்த வயல்களில் சிக்கின. சில எரிபொருள் தீர்ந்து நின்றன. பாகிஸ்தானின் 4-வது கேவல்ரி ரெஜிமெண்டின் தலைவரே தம் அதிகாரிகள் பலருடன் சரணடைந்தார். எதிரிகள் கோழைகள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுடைய பீரங்கிப் படைத் தலைவர் பிரிகேடியர் ஷாமி முன்வரிசையிலேயே உயிர் விட்டார். வீரம் இரு பக்கமும் இருந்தது. நிலமும் பழக்கமும் ஒரு பக்கம் இருந்தன.

கிடங்குக் கணக்குப் பார்த்தவர்

இந்தப் போரில் பரம் வீர் சக்ரா பெற்றவர் 4-வது கிரெனடியர்ஸ் பட்டாலியனைச் சேர்ந்த அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர் கிராமத்தவர். தையற்காரர் மகன். அவருடைய பதவி கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். நம் பாஷையில் சொன்னால், கம்பெனியின் அரிசி பருப்பு முதல் உடுப்பு வரை கிடங்கு இருப்பையும் பட்டுவாடாவையும் பார்க்கிறவர். ஆனால் அதற்கு முன் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியில் தேர்ந்த கை. நெருக்கடி வந்தபோது அந்தப் பிரிவை அவரிடமே கொடுத்தார்கள்.

ஜீப்பின் மேல் பொருத்திய 106 மில்லிமீட்டர் துப்பாக்கி அது. சுட்டவுடன் பின்பக்கம் தீயும் புழுதியும் கிளம்பி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் ஒரு குண்டு போட்டதும் இடம் மாற வேண்டும். ஹமீது கரும்பு மறைவில் ஜீப்பை மாற்றி மாற்றி நிறுத்தி, டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினார். செப்டம்பர் 10-ஆம் தேதி, இன்னொரு டாங்கியோடு நேருக்கு நேர் நின்ற நிலையில் உயிர் நீத்தார். வயது 32. அவருடைய நினைவிடம் இன்றும் அசல் உத்தரில் இருக்கிறது.

பற்று வரவு

போர் முடிந்தபின் வயல்களில் கிடந்த பாகிஸ்தான் டாங்கிகளை இந்தியத் தரப்பு எண்ணியபோது 97 என்று கணக்கு வந்தது. நம் இழப்பைப் பற்றி வெவ்வேறு எண்கள் சொல்லப்படுகின்றன. எதை எடுத்தாலும் எதிர்த்தரப்பு இழந்ததில் ஒரு சிறு பங்குதான். பிடிபட்ட டாங்கிகளைப் பிக்கிவிண்டில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கே 'பாட்டன் நகர்' என்று பெயர் வந்தது. பியாஸ் பாலத்தை நோக்கிய பாய்ச்சல் அத்துடன் கைவிடப்பட்டது. குர்பக்ஷ் சிங், தியாகராஜ், காலெப், வைத்யா ஆகிய நால்வருக்கும் மகா வீர் சக்ரா கிடைத்தது.

வரவை எழுதிய கையால் பற்றையும் எழுத வேண்டும். இந்த வெற்றிக்குப் பிறகு, 12-ஆம் தேதி கேம்கரணை மீட்க நம் படை முயன்றது. முடியவில்லை. இப்போது தாக்கப் போனவர்கள் நாம், நிலைகொண்டு நின்றவர்கள் அவர்கள். செப்டம்பர் 23-இல் போர் நின்றபோதும் கேம்கரண் பாகிஸ்தான் கையில்தான் இருந்தது. 1966 ஜனவரி 10-இல் தாஷ்கண்ட் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே திரும்பி வந்தது. நின்று வென்ற அதே வீரர்கள், நிலம் மாறியதும் வெல்ல முடியவில்லை. இதைவிடத் தெளிவாக யார் பாடம் சொல்ல முடியும்?

நமக்கு என்ன?

முதலில் ஒரு வேறுபாடு. வியாபாரம் போர் அன்று. பெரிய கம்பெனிக் கடையில் பில் போடும் பெண் நம் பக்கத்துத் தெருப் பிள்ளை. அங்கே போகும் வாடிக்கையாளரும் நம் விரோதி அல்லர். ஆனால் வலியவன் வரும்போது எளியவன் எப்படி நிற்பது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

ஒன்று: நம் நிலத்தில் நிற்க வேண்டும். விலைக் குறைப்பு என்பது பெரிய முதலின் சமவெளி. அங்கே போய் அவர்களோடு மோதினால் ஷெர்மன் பாட்டனோடு மோதின கதைதான். நம் நிலம் வேறு. 500 பேர் சாப்பிடும் கல்யாணத்துக்கு எத்தனை கிலோ துவரம்பருப்பு, எத்தனை கிலோ வெல்லம் என்று சீட்டுப் போட்டுக் கொடுக்கத் தெரிந்தவர் நம் மளிகைக் கடைக்காரர். மிஞ்சிய சரக்கைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்பவரும் அவரே. 50 கிராம் சீரகம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுப்பார். அறுப்பு வரை பொறுத்துக் கணக்கு வைப்பார். இதெல்லாம் பெரிய வண்டி இறங்க முடியாத வயல்.

இரண்டு: பின்வாங்குவதில் வெட்கம் இல்லை. பாக்கெட் சோப்பு, பற்பசை போன்றவற்றில் அவர்கள் போடும் விலைக்கு நம்மால் போட முடியாவிட்டால், அவற்றில் முதலைக் குறைத்துக்கொண்டு, அரிசி, பருப்பு, மிளகாய், எண்ணெய் என்று நம் கண்ணும் கையும் தேர்ந்த சரக்கில் முதலைக் குவிக்கலாம். எந்த ஊர் மிளகாய் எந்த மாதம் நன்றாக வரும் என்பது கணினிக்குத் தெரிவதற்கு முன் நமக்குத் தெரியும்.

மூன்று: வாங்கிய கருவியைப் பழக வேண்டும். பில் போடும் இயந்திரமும் இருப்புக் கணக்கு மென்பொருளும் வாங்கிவிட்டு, பழையபடி சிட்டையில் எழுதிக்கொண்டிருக்கும் கடைகள் உண்டு. பழகாத பாட்டனைவிடப் பழகிய ஷெர்மன் மேல். இரண்டையும்விடப் பழகிய புதுக் கருவி மேல்.

நான்கு: குண்டை வீணாக்கக் கூடாது. நம் நடைமுறை மூலதனம்தான் நம் குண்டு. எதிரே பெரிய கடை திறந்த முதல் வாரமே பதறிப்போய் நட்டத்துக்கு விற்றுக் கல்லாவைக் காலி செய்தவர்கள் உண்டு. திறப்பு விழாச் சலுகை என்றைக்கும் ஓடாது. அது அடங்கும் வரை குழியில் நிற்கும் பொறுமை வேண்டும்.

ஐந்து: கடைப் பையன்களைத் தேற்ற வேண்டும். கிடங்கு பார்த்த ஹமீதின் கையில் துப்பாக்கியைக் கொடுக்க முடிந்தது, அவருக்கு அது முன்பே தெரிந்திருந்ததால். நம் கடையில் கல்லாவில் இருப்பவருக்குச் சரக்குத் தெரியுமா? எடை போடுபவருக்குக் கணக்குத் தெரியுமா? முதலாளி பத்து நாள் படுத்துவிட்டால் கடை நடக்குமா?

ஆறு: லாடத்தின் ஒரு ஆணி தனியாக நின்றால் பயன் இல்லை. மூன்று ரெஜிமெண்டும் காலாட்படையும் பீரங்கியும் ஒன்றாக வளைந்து நின்றதால்தான் வாய்க்குள் வந்தது வெளியே போகவில்லை. பத்துச் சில்லறைக் கடைகள் சேர்ந்து ஒரே லாரியில் கொள்முதல் செய்தால் சரக்கு விலை மாறும், வண்டி வாடகையும் மாறும். இதில் மொத்த வியாபாரிகளாகிய நம் கடமை பெரிது. சில்லறைக் கடை மூடினால் அடுத்து மூடுவது நம் மண்டிதான். பெரிய கம்பெனிக்கு ஒரு விலை, பெட்டிக்கடைக்கு ஒரு விலை என்று வைத்துக்கொண்டு, பிறகு பெட்டிக்கடை அழிகிறதே என்று கூட்டத்தில் வருந்துவதில் பொருள் இல்லை.

கடைசியாகக் கேம்கரணின் எச்சரிக்கை. நின்று பிழைத்த தைரியத்தில், பக்கத்து ஊரில் கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்கும் முன், அந்த ஊரின் நிலம் நமக்குத் தெரியுமா என்று ஒருமுறைக்கு மூன்றுமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கடை அடைத்தபின் யோசிக்க

1. நம் கடைக்கு வருபவர் பெரிய கடைக்குப் போகாமல் இங்கே வருவதற்கு உள்ள மூன்று காரணங்கள் என்ன?

2. இருப்பில் உள்ள எந்தச் சரக்கை நாம் கௌரவத்துக்காக மட்டும் வைத்திருக்கிறோம்?

3. கடையில் வேலை செய்வோரில் எத்தனை பேருக்கு இரண்டு வேலை தெரியும்?

4. நம் தெருவில் சேர்ந்து கொள்முதல் செய்ய ஒப்புக்கொள்ளும் கடைகள் எத்தனை?

விடைகளை ஒரு தாளில் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம். நமக்கான அசல் உத்தரம் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.